காதுக்குப் பின்னால் இருந்த சந்தனம்

என் பெயர் நாராயணம்மா. வயது நாற்பத்து நான்கு. காலஞ்சென்ற ராஜப்பனின் மனைவி. தருமபுரி மாவட்டம், ஓசூர் டவுன், பாகலூர் ரோடு முனையில் சைக்கிள் ஸ்டாண்டு நடத்துகிறேன். அதன் பின்பக்க அறையிலேயே குடியிருக்கிறேன். தாய்மொழி தெலுங்கு. தமிழ் பேசவும் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியும்.

இன்று 6.10.1992 காலை நானாகவே நீதிமன்ற நடுவர் அவர்கள் முன்பு ஆஜராகி இதைச் சொல்கிறேன். நடுவர் அவர்கள் போலீசாரை வெளியே அனுப்பிவிட்டு, நான் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை என்றும், சொன்னால் அது எனக்கே எதிராகத் திரும்பும் என்றும் எடுத்துச் சொன்னார்கள். நேற்றும் இதையே சொல்லி, ஒரு நாள் யோசித்துவிட்டு வரும்படி அனுப்பினார்கள். யோசிக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு நாள் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

முதலில் பழைய வழக்கைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் இது விளங்காது. 1985ஆம் வருடம் மார்ச் மாதம் ஒரு பிற்பகல் மூன்று மணிக்கு, மொட்டையடித்து டவுசர் போட்ட ஒரு குழந்தையை ஒரு ஆள் வேனில் ஏற்றிக்கொண்டு கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளிப் பக்கம் போனதை என் ஸ்டாண்டில் இருந்து பார்த்தேன். பையன் என்று நினைத்துவிட்டேன். அதன் பிறகு கால் மணி கழித்து, எங்கள் தெரு சரோஜம்மாள் இரட்டை ஜடை போட்ட தன் மகளின் போட்டோவைக் காட்டி அழுதுகொண்டு வந்தாள். போட்டோவில் இருந்த முகமும் வேனில் போன முகமும் ஒன்று. உடனே இருவரும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். அங்கே இருந்தவர், "எல்லை தாண்டியிருந்தா கர்நாடகாக்காரங்கதான் பாக்கணும். மொதல்ல சொந்தக்காரங்க வீட்டுல தேடிட்டு வாங்க" என்றார். ஆறரை மணிக்குத்தான் புகார் எழுதினார்கள். தாமதம் தெரியக்கூடாது என்று, நான் வேனைப் பார்த்தது ஐந்து மணி என்று போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கடையடைப்பு, ஊர்வலம், பேப்பரில் போட்டோ எல்லாம் நடந்தது. ஒரு வேன் டிரைவரைப் பிடித்தார்கள். ஐந்து வருடம் கழித்துக் கோர்ட்டில் நான் மூன்று மணி என்றேன், காகிதம் ஐந்து மணி என்றது. ஐந்து மணிக்கு அந்த ஆள் பெங்களூரில் இருந்ததற்கு அத்தாட்சி இருந்தது. விட்டுவிட்டார்கள். குழந்தை இன்றுவரை கிடைக்கவில்லை.

அதிலிருந்து என் ஸ்டாண்டில் சைக்கிள் விட வருகிற ஒவ்வொருவரிடமும் நான் ஒரே பேச்சைத்தான் பேசினேன். பிள்ளை பிடிக்கிறவனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் வெளியே வந்துவிடுவான், கையில் கிடைத்தால் அங்கேயே முடித்துவிட வேண்டும். டோக்கனோடு சேர்த்து அந்தப் பேச்சையும் இரண்டு வருடம் கொடுத்தேன் என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர்கூட அப்படிப் பேசாதே என்று சொல்லவில்லை.

இப்போது இந்த வழக்கு. 7.9.1992 திங்கட்கிழமை மதியம் தூறல் போட்டு விட்டிருந்தது. இரண்டேகால் மணி இருக்கும். கம்பெனி ஆட்கள் கிராமங்களில் இருந்து சைக்கிளில் வந்து, என்னிடம் சைக்கிளை விட்டுவிட்டு, இரண்டரை மணி ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம். இருநூறு பேருக்குக் குறையாது. அப்போது முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், டவுசரும் பெரிய சட்டையும் போட்ட மொட்டைத்தலைக் குழந்தை ஒன்றைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். குழந்தை "வேணாம், வேணாம்" என்று அழுதது. காதில் தோடு இருந்ததால் பெண் குழந்தை என்று தெரிந்தது. வேனில் போன அந்த மொட்டைத்தலைக் குழந்தைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

நான் போய் வழிமறித்தேன். யார் இது என்று கேட்டதற்கு, "எம் பொண்ணுங்க" என்றார். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குய்யா டவுசரு?" என்று கேட்டேன். "கவுனு நனஞ்சிருச்சுங்க, மச்சான் பையனுக்கு எடுத்த துணிய மாத்தினேன்" என்றார். தாய் எங்கே என்றதற்கு வீட்டில் என்றார். எங்கே போகிறீர் என்றதற்கு, தங்கச்சி வீட்டுக்கு, பாகலூர் என்றார். பாகலூர் தாண்டினால் கர்நாடகா. அதன் பிறகு குழந்தையிடம் இது யார் என்று தமிழில் கேட்டேன், தெலுங்கில் கேட்டேன், கன்னடத்திலும் கேட்டேன். மூன்றுக்கும் அழுகைதான் பதில். அந்த நேரத்தில் பாகலூர் பஸ் வந்து நிற்க, அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தார். நான், "புள்ள புடிக்கிறவன் போறான், புடிங்கடா!" என்று கத்தினேன். முதலில் கத்தியது நான்தான். எனக்கு முன்னால் வேறு யாரும் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர், "ஸ்டேஷனுக்கு வேணாம், அங்க போனா வெளிய வந்துருவான்" என்று கூவினார். அது என் பேச்சு, அட்சரம் பிசகவில்லை. நான் குழந்தையைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குள் வந்துவிட்டேன். குழந்தை என் தோளில் தலையைச் சாய்த்தது. அப்போதுதான் பார்த்தேன். தலையில் பூசிய சந்தனம் தூறலில் கரைந்துபோய், இடது காதின் பின்பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. வாசனையும் வந்தது. கழுத்தில் எங்கள் ஊர் மலைக்கோயிலில் கட்டும் மஞ்சள் கயிறு. அடையாளம் மறைக்க மொட்டை போடுகிறவன் சந்தனம் பூச மாட்டான். வேண்டுதல் முடித்த தகப்பன்தான் பூசுவான். குழந்தை தன் முடி போனதற்காகத்தான் அழுகிறது என்பதும் எனக்குப் புரிந்துவிட்டது.

அப்போது வெளியே அவரை அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். "எம் பொண்ணுங்க" என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டது. இருநூறு பேர் சத்தத்துக்கு மேலே டோக்கன் நம்பர் கூப்பிட்டுப் பழகிய தொண்டை எனக்கு. கத்தியிருந்தால் கேட்டிருக்கும். பதற்றத்தில் வாய் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வாய் வந்தது, நான்தான் அடக்கிக்கொண்டேன். என் வார்த்தையை நம்பி அத்தனை பேர் கை வைத்துவிட்டார்கள், தப்பு என்று எப்படிச் சொல்வது என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய காரணம், ஏழு வருடமாக ஒருத்தனாவது அடிபட வேண்டும் என்று நான் வயிற்றெரிச்சலோடு அலைந்தேன். அன்றைக்கு அது நடந்துகொண்டிருந்தது. நிறுத்த எனக்கு மனம் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். அப்படி ஐந்து நிமிடம் சும்மா நின்றேன்.

அதன் பிறகு கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. உடனே எல்லாரும் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி வேலைக்குப் போய்விட்டார்கள். அவர் சாக்கடை ஓரம் கிடந்தார். பக்கத்து டீக்கடை சென்னப்பனும் நானும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். போலீசார் வந்து விசாரித்தபோது சென்னப்பன் என்னிடம் வந்து மெதுவாக, "அக்கா, யாரும் பாக்கலேன்னு சொல்லிருவோம். இவனுங்ககிட்ட உண்மையச் சொல்லி நீ பட்டது போதாதா?" என்றார். நானும் அப்படியே சொன்னேன். அடையாளம் தெரியாத நபர்கள் என்று எழுதிக்கொண்டு போனார்கள். அடித்தவர்களின் சைக்கிள் அத்தனையும் என் ஸ்டாண்டில் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. போலீசார் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் பெயர் கந்தன், ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம், குழந்தைக்குக் காய்ச்சல் தெளிந்ததற்கு வேண்டுதல் முடிக்க வந்தவர் என்பதெல்லாம் தகவல் போய், சாயங்காலம் பாகலூரில் இருந்து அவர் தங்கை வந்து குழந்தையை வாங்கியபோது தெரிந்தது. மூன்றாம் நாள் அவர் இறந்துவிட்டார்.

போன வாரம் அவர் மனைவி வெங்கடம்மாள் என் ஸ்டாண்டுக்கு வந்தாள். ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்றவள், அதனால்தான் அன்றைக்கு மலை ஏற முடியாமல் அவரைத் தனியாக அனுப்பியிருக்கிறாள். கைக்குழந்தையோடு ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கிக் கேட்டுக்கொண்டு வந்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. "ஊருல சும்மாவா அடிச்சிருப்பாங்கன்னு பேசறாங்கம்மா. பெரிய பொண்ண யாரும் சேத்துக்க மாட்டேங்கறாங்க. அவரு ஒண்ணும் பண்ணலேன்னு பாத்தவங்க யாராச்சும் ஒருத்தர் கோர்ட்டுல சொல்லுங்கம்மா. கோர்ட்டுல எழுதிட்டா அப்புறம் யாரும் பேச மாட்டாங்க இல்லீங்களா?" என்றாள். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அடுத்த கடைக்குப் போனாள். மறுநாள் நான் ஸ்டேஷனுக்குப் போனேன். "கேஸு முடியப்போற நேரத்துல ஏம்மா நீயே வந்து மாட்டிக்கறே?" என்று திருப்பி அனுப்பினார்கள். அதனால் இங்கே வந்தேன்.

கந்தன் தன் சொந்த மகளைத்தான் கூட்டிப்போனார். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவரை அடிக்க ஆள் சேர்த்தது நான். தெரிந்த பிறகும் தடுக்காமல் நின்றது நான். மற்றவர்கள் பெயரைக் கேட்டால் அதையும் சொல்கிறேன், ஆனால் முதலில் என் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும்.

நடுவர் கேட்டது: இதைச் சொன்னதால் உங்களுக்குத் தண்டனை கிடைக்கலாம் என்று தெரிந்துதான் சொல்கிறீர்களா? இந்த நீதிமன்றத்தின் மேல் நம்பிக்கை வைத்துத்தானே வந்தீர்கள்?

நாராயணம்மா சொன்னது: தண்டன தெரியுங்க. கோர்ட்டு மேல எனக்கு நம்பிக்க இல்லீங்க, பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பொண்ணு வெங்கடம்மாளுக்கு அந்த நம்பிக்க இருக்குது. அதுக்காகத்தான் வந்தேன்.

மேற்படி நான் சொன்னது முழுவதும் எனக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. எல்லாம் உண்மை.

(ஒப்பம்) நாராயணம்மா