ஆளில்லாத குடும்பம்

வீற்றிருக்கும் குழுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அவர்களே, வேலை முடிந்து ஃபேக்டரி உடுப்போடு ஓடி வந்திருக்கும் சுங்கை வே தோழர்களே, கைப்பிள்ளையோடு முன்வரிசை பிடித்த தாய்மார்களே, இந்தக் கன்னையா எதையும் நம்பமாட்டான் என்று பின்வரிசையில் சிரிக்கும் பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்!

ஆம், நம்பமாட்டேன்! இரண்டாயிரம் பிறக்குமுன் நாம் குடியிருக்கும் இந்தக் கம்பத்தை இடிக்கப் போகிறார்கள். மாற்றாக ஃப்ளாட் தருவார்களாம். எந்தெந்தக் குடும்பத்துக்கு என்று நம் குழு கம்ப்யூட்டரில் பதிந்து கொடுக்க வேண்டுமாம். பதிவில் இல்லாதவர்க்குத் தலைக்கு மேல் கூரை இல்லை. இதில் எதை நம்புவது? எவரை நம்புவது?

பதிகிறவர் நம் விஜயன் தம்பி. எக்ஸ்எம்எல் என்று போன வருஷம் வந்த புது முறை. ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னும் பின்னும் ஓர் அடையாளப் பெயர். எதற்குள் எது வரலாம், எத்தனை வரலாம் என்று தனியே ஒரு விதி. ஒத்துப்போனால் கம்ப்யூட்டர் ஏற்கும்; இல்லையென்றால் தள்ளும். குடும்பத்துக்கு விதி எழுதத் தம்பி எதைப் பார்த்தார்? கோயில் அர்ச்சனைச் சீட்டைப் பார்த்தார்! கணவர் பெயர் முதலில், மனைவி அடுத்து, பிள்ளைகள் பிறகு. சாமி ஏற்கும் வரிசை கம்ப்யூட்டருக்கும் போதும் என்று எழுதிவிட்டார்.

பெயர் பதியப் போனார் பவுனம்மாள் அக்கா. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அவர் சுடும் வடையைத் தின்னாதவர் இங்கே யார்? கல்யாணம் செய்துகொள்ளாத அவரும் தங்கை இராஜம்மாவும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். கணவர் பெயர் இல்லை, கம்ப்யூட்டர் தள்ளியது. ஏதாவது ஒரு பேரைப் போடுங்க ஆன்டி என்றாராம் தம்பி. அக்கா கேட்டார்: "இல்லாத புருஷனுக்கு நான் எங்கலா போவேன்? தங்கச்சி இருக்காளே, அவளைப் போடு."

கைதட்டாதீர்கள் ஐயா, கோபப்படுங்கள்! போன கூட்டத்தில் நான் கத்தினேன். உடனே விதி தளர்ந்தது. எப்படித் தளர்ந்தது? குடும்பத்துக்குள் எதுவும் வரலாம், எதுவுமே வராமலும் இருக்கலாம்! சகோதரிகள் உள்ளே வந்தார்கள். நீங்கள் லட்டு கொடுத்தீர்கள். நானோ அதைத் தின்னாமல் வைத்துவிட்டேன். கேட்டது ஒரு ஜன்னல்; நாலு சுவரையும் ஏன் கழற்றினார்கள்?

நேற்று கணக்கு வந்தது. ஃப்ளாட்டுகள் தீர்ந்துவிட்டன, கடைசியாய்ச் சேர்ந்த சகோதரிகளுக்கு இடமில்லையாம்! கம்பத்தில் புதிதாய்க் குடிவந்த ஒருவரையாவது பார்த்தீர்களா? இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அந்த வீடுகளை விழுங்கியது யார்?

விஜயனைப் பிடித்து உட்கார வைத்தேன். தளர்த்துவது தப்பில்லை தம்பி, எங்கே தளர்த்துவது, எங்கே இறுக்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றேன். கணவர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அக்காளும் தங்கையும் இருக்கலாம். பிள்ளைகள் எத்தனையும் இருக்கலாம். யார் பெயரும் முதலில் வரலாம். ஆனால் ஆள் ஒருவராவது இருந்தே தீரவேண்டும்! வீட்டு எண் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும்!

இதோ, கம்ப்யூட்டரை மேடைக்கே கொண்டுவந்திருக்கிறார். அந்த விதியைப் போட்டுத் தட்டுங்கள் தம்பி. என்ன சொல்கிறது? மூன்று குடும்பங்களைத் தள்ளுகிறதா? உள்ளே ஆள் உண்டா? இல்லையாம், கேட்டீர்களா! வீட்டு எண்ணை உரக்கப் படியுங்கள். பதினேழு. மூன்றுக்கும் பதினேழு.

பதினேழாம் எண் யார் வீடு? சத்தமாய்ச் சொல்லுங்கள். நீங்கள்தான் சொன்னீர்கள், நான் சொல்லவில்லை! தலைவர் அவர்களே, உட்காருங்கள், கூட்டம் இன்னும் முடியவில்லை. எதுவும் வரலாம் என்று எழுதச் சொன்னவர் யார் என்று தம்பியை நான் கேட்கப்போவதில்லை. அதை உங்கள் வாயால் கேட்கவே இத்தனை பேர் காத்திருக்கிறார்கள்.

மூன்று இடம் காலியாகிவிட்டது. பவுனம்மாள் அக்கா, இராஜம்மா அக்கா, மேடைக்கு வாங்க. உங்க பேரு ஏறுறதை உங்க கண்ணாலயே பாருங்க. என் பேச்சையும் நம்பாதீங்க. பொறுத்துக் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. தலைவர் பதில் சொல்லும்வரை யாரும் எழாதீர்கள் என்று கேட்டு, அமர்கிறேன். வணக்கம்!