மாத்திரைக்கு முன் சாமைச் சோறு

"எங்க வூட்ல இப்ப ராத்திரி ஏழு மணிக்குதான் மத்தியானச் சோறு, அண்ணி!"

ஒடுகத்தூரிலிருந்து மலையேறும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒருத்தி தன் அண்ணியிடம் சொன்னாள். ஜன்னலோரம் அவள் மகள், பத்து வயதிருக்கும். வளைவுக்கு வளைவு பஸ் முனகியது. அவள் பேச்சு மட்டும் துள்ளித் துள்ளி ஏறியது.

"இன்னாடி சொல்ற?"

"இவளுக்குக் கவனம் நிக்க மாத்திரை குடுத்தாங்க இல்ல? இப்பல்லாம் எழுத ஒக்காந்தா முடிச்சிட்டுதான் எழுந்திரிக்கிறா. ஆனா பகல்ல பசியே இல்ல. எடை எறங்கிப் போச்சி. இன்னும் கொறஞ்சா மாத்திரைய நிறுத்தணும்னு போன மாசம் சொல்லிட்டாரு டாக்டரு."

"அய்யோ!"

"அவரு சொன்னபடி காலைல சாமைச் சோறும் தயிரும் குடுத்துட்டுதான் மாத்திரை. சாயங்காலம் மாத்திரை வேகம் எறங்கினதும் பசி வரும், அப்ப வயிறு முட்ட. புளி நிறுக்கிற தராசுல தெனமும் ஒக்கார வெச்சிப் பாத்தேன். ஒரு நாள் ஏத்திக் காட்டுது, ஒரு நாள் எறக்கிக் காட்டுது."

"புள்ளையா, புளி மூட்டையாடி?"

"இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறப்ப, எடை கொறஞ்சிருக்குமோன்ற பயத்துல இவ கவுன் பாக்கெட்ல ஒரு பெரிய புளி உருண்டைய வெச்சிட்டேன் அண்ணி."

"அடிப்பாவி!"

"அங்க எடை மெஷின்ல ஏறுறதுக்கு முன்னாடி இவளே அத எடுத்து மேசைல வெச்சா. 'இது நான் இல்ல சார்'னா. மானமே போச்சி!"

"டாக்டரு?"

"சிரிச்சாரு. புளி இல்லாமயே ஒரு கிலோ ஏறியிருக்கா அண்ணி! மாத்திரைய நிறுத்த வேணாம்னுட்டாரு!"

மகள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்:

"அடுத்த மாசம் வெச்சாலும் எடுத்துடுவேம்மா."