மாமாவின்ரை சைக்கிள்

– திரும்பவும் வந்திட்டியளே தியாகராசா அண்ணை! இண்டைக்கு என்ன?

– பின் பிறேக் பிடிக்குதில்லை மக்பூல்.

– முந்தநாள்தானே பிறேக் கட்டை மாத்தித் தந்தனான்?

– அது முன் பிறேக்.

– ஓ... நேற்றுச் செயின். முதல்நாள் காத்து. ஏனண்ணை, கொக்குவிலிலையிருந்து ஐஞ்சு சந்திக்கு இஞ்சை வாறதுக்கிடையிலை எத்தினை சைக்கிள் கடை இருக்கு?

– ஏன் கேக்கிறாய்?

– சும்மா. சனம் கிட்ட உள்ள கடைக்குத்தான் போகும். நீங்கள் இதை உருட்டிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து இஞ்சை வந்து நிக்கிறியள். அதுவும் நாலு நாளாய்.

– உன்ரை கை நல்ல கை எண்டு சொல்லிச்சினம்.

– அது சரிதான்! வாசலைப் பாருங்கோ, இருவது சைக்கிள் நிக்குது. பெற்றோல் இல்லாமல் நாடே படுத்துக் கிடக்குது, எனக்கு மட்டும் நாளும் பெருநாள்.

– என்ரை மோட்டச்சைக்கிளும் ரெண்டு மாசமாய் முத்தத்திலைதான். அதுக்குக் கீழை கோழி அடை கிடக்குது.

– ஹா ஹா... அதுக்குத்தான் வீட்டுக் கூரை வளையிலை தொங்கின இந்தக் கிழவனை இறக்கினனீங்கள்.

– ஓம். ஊரிலை எல்லாரும் பழசைத்தானே இறக்கினம். ஆரும் ஒண்டும் கேக்க மாட்டினம்...

– என்னத்தைக் கேக்கிறது?

– ஒண்டுமில்லை. நீ வேலையைப் பார்.

– ஆற்றை சைக்கிள் எண்டு சொன்னனீங்கள்?

– மாமாவின்ரை எண்டு அண்டைக்கே சொன்னனான். செத்துப்போனார்.

– அவரும் கொக்குவிலே?

– ஓம், ஓம்.

– பிறகேன் இதிலை யாழ்ப்பாண மாநகரசபை லைசென்ஸ் தகடு? வருசம் தொண்ணூறு எண்டு கிடக்கு.

– அவர் ரவுணிலை வேலை செய்தவர்... அங்கை எடுத்திருப்பார். நீ என்ன, பொலிஸ்காரன் மாதிரி!

– கோவிக்காதேங்கோ. மாமாவுக்கு எத்தினை பிள்ளையள்?

– அந்த மனுசன் கலியாணமே கட்டேல்லை.

– அப்ப சைக்கிள் பாரிலை இந்தச் சின்னப்பிள்ளைச் சீற்று என்னத்துக்கு?

– அது... அயல்பிள்ளையளை ஏத்திக்கொண்டு திரிவார்.

– நல்ல மாமா.

– பல்லைக் காட்டாதை. றேடியோவிலை என்னவாம்?

– கேக்கேல்லையே? கொழும்பிலை சனம் ஜனாதிபதி மாளிகைக்குள்ளை பூந்திட்டுதாம். நீச்சல்குளத்திலை குதிச்சுக் குளிக்கினமாம்.

– அட! சிங்களச் சனமே?

– எல்லாச் சனமும்தான். ஆளைக் காணேல்லையாம்.

– இருந்த இருப்பென்ன, இப்ப ஓடுற ஓட்டமென்ன! பிளேன்ரீ சொல்லு மக்பூல், நான் வாங்கித் தாறன். வயிறு குளிர்ந்து போச்சு.

– குளிரட்டும், குளிரட்டும். அங்கை சனம் என்னெண்டு கத்துது தெரியுமே? எடுத்ததைத் திருப்பித் தா எண்டு.

– பிளேன்ரீயை நானே போய்ச் சொல்லிப்போட்டு வாறன்.

– என்னண்ணை, முகம் கறுத்துப் போச்சு?

– வெய்யில்.

– நிழலுக்கைதானே இருக்கிறியள்.

– மக்பூல்... ஒருக்காக் கையை நிப்பாட்டு.

– ஒரு நட்டுத்தான், முறுக்கிப்போட்டு...

– முறுக்காதை. கேள். மாமா எண்டு ஒருத்தரும் இல்லை.

– ம்.

– உன்ரை வாப்பா எனக்குக் கலியாணச் சேட்டுத் தைச்சுத் தந்தவர். பொம்பிளை வீட்டுக்காரர் வரமுதல் குடுக்கோணுமெண்டு வீடு தேடிக் கொண்டுவந்தவர். இந்தச் சைக்கிளிலை. இந்தச் சீற்றிலை ஒரு சின்னப் பொடியன்.

– என்ன செய்துகொண்டிருந்தவன்?

– விடாமல் பெல் அடிச்சான். வாப்பா தலையிலை ஒரு குட்டு வைச்சார்.

– சொல்லுங்கோ.

– தொண்ணூறிலை இயக்கப் பொடியள் உங்கடை முஸ்லிம் சனம் முழுக்க ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளை யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொல்லிக் கலைச்சாங்கள். பிறகு உங்கடை வீட்டுச் சாமான்களைப் பரப்பிப் போட்டு வித்தாங்கள். நானும் பாக்கப் போனன். அதுக்குள்ளை இது நிண்டுது. எனக்குத் தெரியும், ஆற்றை எண்டு.

– தெரிஞ்சே வாங்கினனீங்கள்.

– தெரிஞ்சேதான். அந்த வீட்டுக்காரர் வந்தால் குடுப்பம் எண்டு வாங்கினனான் எண்டு மனிசிக்குச் சொன்னன். முழுப்பொய் மக்பூல். எனக்குச் சைக்கிள் தேவை, மலிவாய்க் கிடைச்சுது. அவ்வளவுதான்.

– நான் புத்தளத்திலை ஏழு வருசம் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனனான் அண்ணை. ஒருவழி மூண்டு மைல்.

– பேசு. நல்லாப் பேசு. பேச்சு வாங்கத்தான் வந்தனான்.

– பேசேல்லை. சொன்னனான். வாங்கி இதிலை ஓடித் திரிஞ்சனீங்களே?

– மூண்டு நாள். மிதிக்க மிதிக்க அந்தச் சீற்று முழங்காலிலை தட்டும். கழட்டி எறியவும் கை வரேல்லை. நாலாம் நாள் வளையிலை கட்டித் தூக்கினன். முப்பத்திரண்டு வருசம்.

– நாங்கள் திரும்பி வந்தே பன்னிரண்டு வருசமாச்சே.

– நீ கடை திறந்த அண்டு தொடக்கம் இந்த றோட்டாலை போறதை விட்டிட்டன். வெக்கமடா. பெரிய வெக்கம்.

– இப்ப மட்டும் என்ன வந்தது?

– பெற்றோல் இல்லாமல் போச்சே! முந்தியெண்டால், மோட்டச்சைக்கிள் வைச்சிருக்கிறவன் உதென்ன பழஞ்சைக்கிள் உருட்டுறான் எண்டு ஊர் கேக்கும். இந்த வருசம் ஊரே உருட்டுது. அதுக்குள்ளை நானும் ஒருத்தன் எண்டு வந்திட்டன். முதல்நாளே சொல்லத்தான் வந்தனான். உன்ரை முகத்தைக் கண்டவுடனை வாய் கட்டிப்போட்டுது. காத்தடி எண்டு சொல்லிப்போட்டன்.

– நேற்றுச் செயின்?

– வீட்டிலை வைச்சு நானே கழட்டினனான்.

– எனக்குத் தெரியும். கழட்டத் தெரியாமல் நட்டை நெரிச்சல்லோ வைச்சிருந்தியள்.

– பகிடி பண்ணாதை. ஆனால் இண்டைக்குப் பிறேக்கிலை சத்தியமாய் நான் கை வைக்கேல்லை. நேற்றுப் போகேக்கை தானாய் இளகினது.

– தானாய் இளகேல்லை அண்ணை. நான்தான் இளக்கி விட்டனான்.

– என்ன?

– முதல்நாள் இந்தச் சீற்றைக் கண்டவுடனையே படம் எடுத்துப் புத்தளத்துக்கு வாப்பாவுக்கு அனுப்பினனான்.

– ஐயோ... அவர் இருக்கிறாரே?

– எண்பத்தொரு வயசு. இப்பவும் கண்ணாடி போடாமல் ஊசிக்கு நூல் கோக்கிறார்.

– என்ன சொன்னவர்? கள்ளன் எண்டவரே? மறைக்காமல் சொல்லு தம்பி...

– "எங்கடை சைக்கிளோ எண்டு அந்த ஆளை நீ கேக்காதை மகன். தானாய்ச் சொல்லும் மட்டும் வேலையை முடிச்சுக் குடுத்துப்போடாதை" எண்டவர்.