மூணாவது ஜோடி பல்பு

— இதுக்குப் பேரு வேலையாடா? மின்மினிப் பூச்சியைப் பிடிச்சு ஹெட்லைட்டுக்குள்ள விட்ட மாதிரி இருக்கு. கூடப் பொறந்தவனாச்சேன்னு உன் கடைக்கு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!

— அண்ணா, கத்தாதே. இது மூணாவது ஜோடி. பழைய வயர் தாங்காதுன்னு பேட்டரியிலேருந்து புதுசா வயர் இழுத்து, சுவிட்ச் சூடாகாம இருக்க ரிலேயும் வச்சிருக்கேன். இந்தக் காலத்து வண்டிக்கே இவ்வளவு வெளிச்சம் கிடையாது.

— உன் வயர் கதை எனக்கெதுக்கு? நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி பொண்ணையும் பேத்தியையும் ஏத்திக்கிட்டு மலை இறங்கணும். பச்சைக் குழந்தைடா! ரோடு தெரிய வேணாமா?

— எதிர்ல வர்றவனுக்குத்தான் ரோடு தெரியல. பால் வண்டிக்காரன் நேத்து இங்க வந்து, "உங்க அண்ணன் லைட்டு கண்ணைப் பறிக்குது, என்னைக் கொல்லப் பார்க்குறாரா?"ன்னு என்னைப் புடிபுடின்னு புடிச்சுட்டான்.

— அவன் கிடக்கான் வெட்டிப்பய! எவனோ சொன்னா உனக்கு வேதம். அண்ணன் சொன்னா காதுல ஏறாது.

— அது போகட்டும். இடப்பக்கக் கண்ணாடி ஏன் உடைஞ்சு தொங்குது? கதவு பூரா கீறல் வேற.

— நிறுத்தின இடத்துல எவனோ உரசிட்டுப் போயிட்டான்.

— போன மாசமும் எவனோதான். அதுவும் இதே பக்கம்தான்.

— நீ மெக்கானிக்கா, போலீஸா? பேச்சை மாத்தாதே! எனக்குத் தெரியும்டா. அப்பா இந்த வேனை எனக்குக் குடுத்ததுலேருந்தே உனக்கு வயித்தெரிச்சல். இதை நான் ஓட்டுறது உனக்குப் பொறுக்கல. அதான் மட்டமான பல்பாப் பார்த்துப் போடுறே.

— வயித்தெரிச்சலா? எனக்கா? ராத்திரி பகலா இதுக்கு அடியில படுத்துக் கிடந்தவன்கிட்ட சொல்ற பேச்சா இது? ஏறு. ஏறி டிரைவர் சீட்டுல உக்காரு. ஷட்டரை இறக்குறேன். எதிர் சுவத்துல வெளிச்சம் விழும். எந்தப் பல்பு மட்டம்னு நீயே பார்த்துச் சொல்லு.

— சொல்றேன். தெருவைக் கூட்டிச் சொல்றேன், உன் லட்சணத்தை!

— உக்காந்தியா? இரு, முன்னாடி ஒரு வேலை... ம், ஆச்சு. இப்ப லைட்டைப் போடு. தலையைத் திருப்பாதே, நேராப் பாரு. எந்தப் பக்கம் மங்கல்?

— ரெண்டும்தான்.

— அவசரப்படாதே. வலது எப்படி? இடது எப்படி?

— ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாதா? வலதும் அழுதுவடியுது, இடதும் அழுதுவடியுது. ரெண்டும் ஒண்ணுபோலத்தான் எரியுது, போதுமா?

— இடப்பக்க விளக்குல பல்பே இல்லண்ணா. நீ லைட்டைப் போடுறதுக்கு முன்னாடியே கழட்டிட்டேன். இதோ, என் கையில இருக்கு. எத்தனை நாளா கண்ணு இப்படி? அறிவிருக்கா உனக்கு? அந்தக் குழந்தையை வச்சுக்கிட்டு மலை இறங்கப் போறியா? இவ்வளவு நேரம் கத்தினியே, இப்பப் பேசேன்!

— மெதுவாப் பேசுடா, வெளிய கேட்கும். இந்தா, சாவியை வச்சுக்கோ. வீட்டுல... என் தம்பி வயரிங்கைக் கருக்கிட்டான், இனி வண்டி ஓடாதுன்னு சொல்லிக்கட்டுமா?