கிழக்கு ஊட்டம்மாவின் சம்மதம்

மஞ்சுமூட்டம் இறங்கும் மலைக்கு மகுடமாய் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்திருக்கும் கட்டட அனுமதி அலுவலர் தனபால் ஐயா அவர்களே, வளப்பூர் நாட்டின் மூத்த பெரியவர்களே, மிளகுக் கொடியோடு மல்லுக்கட்டும் கைகளை இன்று ஒருநாள் மடியில் வைத்திருக்கும் தாய்மார்களே, பலாமரத்தடி இளவட்டங்களே, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வந்திருக்கும் அத்தனை பேருக்கும் மகளிர் குழுவின் சார்பில் என் வணக்கம்.

இந்த மிளகு உலர்த்தும் கூடத்தை ஏன் கட்டினோம்? ரோட்டோரம் காயப்போட்ட மிளகு மழையில் பூசணம் பிடித்தது. சோளக்காட்டுச் சந்தை வியாபாரி மோந்து பார்த்து முகத்தைத் திருப்பினான். அதனால் கட்டினோம். கட்டியதைத் திறக்க ஐயாவை அழைத்தோம். ஜீப்பை விட்டு இறங்கியதும் ஐயா கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"ஏம்மா, அந்தக் கிழக்கு வீட்டம்மா வரலையா? முதல் சால்வை அவங்களுக்குத்தான்."

அதற்கு மேடையில் பதில் சொல்கிறேன் என்றேன். ஐயாவுக்கும் சொல்கிறேன். கிழக்குப் பக்கத்து வழியை அடைத்துச் சுவர் வைத்து லாரி நிறுத்தலாம் என்று கிளம்பியிருக்கும் பலாமரத்தடி யுவராஜுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அனுமதி கேட்டுப் போனபோது அலுவலகத்தில், நாலு பக்கமும் யார் என்று கேட்டார்கள். மேற்கே செங்கோடன் தோட்டம். வடக்கே ரோடு. தெற்கே ஓடை. கிழக்கே? எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னோம்: "வேலம்மா ஊடு."

பொய்யா சொன்னோம்? இல்லீங்க. கூரை விழுந்தாலும், சுவர் கரைந்தாலும், ஆள் போய்ச் சேர்ந்தாலும், ஒரு வீட்டைக் காலி வீடு என்று சொல்லும் வழக்கம் நமக்கு இல்லை. அந்த வீட்டு வாசல் பலாவில் ஒரு பழம் பறிக்க வேண்டுமென்றாலும் வாசல் இருந்த இடத்தில் நின்று, "ஏனுங்க வேலம்மாக்கா, ஊட்ல இருக்கீங்களா? ஒரு பழம் எடுத்துக்கறேன்" என்று கேட்போம். கொஞ்சம் நிற்போம். பிறகுதான் கத்தி வைப்போம். அந்தப் பழக்கத்தில் வந்த பேச்சு அது.

அலுவலகத்துக்கு அது தெரியுமா? கிழக்கு வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும், அது இல்லாமல் அனுமதி இல்லை என்றார்கள். எங்கே போவோம்? யாரைக் கேட்போம்? வேலம்மாக்காவையும் அவர் வீட்டையும் மண்சரிவு கொண்டுபோனபோது என் பேத்தி மோனிஷா பிறக்கக்கூட இல்லை. இந்தக் கூடத்துக்கு வரைபடம் போட்ட இன்ஜினியர் மோனிஷாதான். முன்வரிசையில் இருக்கிறாள், பார்த்துக்கொள்ளுங்கள்.

தனபால் ஐயாவுக்குத் தண்ணீர் கொடுங்க சாமி. முகம் வேர்க்கிறது.

இடம் பார்க்க ஐயா வந்தது கோடையில், உச்சிப்பொழுதில். எங்கிருந்து வந்ததோ அப்படியொரு மஞ்சு. நாங்கள் மேற்கே டேப்பைப் பிடித்துக்கொண்டிருக்க, "நானே பேசிக்கறேன்" என்று ஐயா கிழக்கே தனியாக நடந்தார். "சாமி, அங்கெ" என்று எங்கள் குழு அத்தாயி வாயெடுப்பதற்குள் மஞ்சு மூடிவிட்டது. ஐயாவின் குரல் மட்டும் கேட்டது. "சரிங்கம்மா. ஆகட்டுங்கம்மா." எதிர்க்குரல் எங்கள் காதில் விழவில்லை.

திரும்பி வந்து ஐயா சொன்னார்: "நல்ல அம்மா. கட்டிக்கச் சொல்லிட்டாங்க. கிழக்கால மட்டும் ஒரு வண்டி அகலம் விடணுமாம். 'நான் வாரதும் போறதும் அந்த வழிதான்'னாங்க." ஜீப்பில் ஏறும்போது இன்னொன்றும் கேட்டார்: "இந்த வெயில் காலத்துல அவங்க சேலையில ஏம்மா அவ்வளவு ஈரச்சேறு?"

யார் வாய் திறப்பது? கும்பிட்டு அனுப்பிவைத்தோம். அனுமதி வந்தது. அந்த வழி நிபந்தனையாக வந்தது.

மோனிஷா முறுக்கிக்கொண்டாள். "யாரு சொன்னாங்கன்னு இடத்தைக் கொறைக்கோணும், அம்மாயி?"

"பக்கத்து ஊட்டுக்காரங்க சொன்னாங்க, கண்ணு."

குறைத்துக் கட்டினோம். திறப்பு விழாவுக்கு முன்பே ஐப்பசி மழை வந்தது. மேலே மலை பிளந்தது. மண்ணும் மரமும் பாறையும் சேறுமாய் இறங்கி வந்தது. வந்தது எந்த வழியாக? அந்த வழியாக. சுவரில் ஒரு கீறல் உண்டா? உள்ளே மூட்டை கட்டி வைத்திருந்ததில் ஒரு மிளகு நனைந்ததா? கூடத்துக்குள் முடங்கிக் கிடந்த தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள். அன்று நாம் கேட்டது சேறு ஓடும் சத்தமா, தெரிந்த ஒருத்தி நடந்து போகும் சத்தமா?

யுவராஜ், லாரி நிற்க இடமில்லை என்கிறாய். லாரி சோளக்காட்டுச் சந்தையில் நிற்கும். வேலம்மாக்கா எங்கே நிற்பார்? நாம் வழியை அடைத்தால் எந்த வழியாக வருவார்? நம் பிள்ளைகள் படுத்திருக்கும் வழியாகவா?

என்ன கண்ணு? "கேட்டுட்டுத்தான் கட்டுவோம்" என்கிறாயா? கேள். வாசல் இருந்த இடம் உனக்குப் பக்கத்தில்தான். இப்போதே கேள். ஏன், காலைப் பின்னால் வைக்கிறாய்?

தனபால் ஐயா எழுந்துவிட்டார். கையில் சால்வை. உட்காருங்கள் என்று நான் சொல்லமாட்டேன், ஐயா. இந்தக் கூட்டத்தில் வேலம்மாக்காவை நேரில் பார்த்துப் பேசியவர் நீங்கள் ஒருவர்தான். போய் வாருங்கள். யாரும் கூடப் போக வேண்டாம். மஞ்சு இறங்கிவிட்டது. இளவட்டங்கள் வழி விடுங்கள்.

கொஞ்சம் பொறுங்கள். கைதட்ட வேண்டாம்.

கேட்கிறதா? "சரிங்கம்மா. ஆகட்டுங்கம்மா."

யுவராஜ், சுவருக்கு இறக்கிய செங்கல்லைத் திருப்பி அனுப்பிவிடு, சாமி.

வந்தவர்களுக்கும், இருந்தவர்களுக்கும், இருக்கிறவர்களுக்கும் நன்றி. கிழக்குப் பார்த்துக் கும்பிட்டு முடிக்கிறேன். வணக்கம்.