ரேப்ரெக்கோடருக்குச் சோறு

பிள்ளைகளே, எழுபதுகளில் ஒருநாள் பிராங்பேர்ட்டில் வேலை முடிந்து டிராமில் வந்தேன். முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்தவர் களைத்துப்போய் இருந்தார்கள். இளையவர் சொன்னார்:

“என்ர மகன் ரேப்ரெக்கோடருக்கு, கசற் போடுற வாய்க்குள்ளை, சோறு தீத்திப்போட்டானாம், அண்ணை. இப்ப அது வேலை செய்யாதாம்.”

“ஏன் தீத்தினவன்?”

“கடிதம் எழுதப் பஞ்சியிலை நான் கசற்றிலைதானே கதைச்சு அனுப்புறனான். நல்ல சோறு திண்டு கனகாலம் எண்டு போனமுறை சொன்னனான். நான் ஊரைவிட்டு வெளிக்கிட்ட பிறகு பிறந்தவன், அந்தப் பெட்டிதான் அப்பா எண்டு நினைச்சிட்டான்.”

“உம்மடை படத்தைக் காட்டேல்லையோ?”

“காட்டினவை. படம் கதைக்கேல்லையாம்.”

பெரியவர் சிரித்தார். மற்றவர் சிரிக்கவில்லை.

“வாற மாசம் ஊருக்குப் போறீர். அவனுக்கு என்னெண்டு விளங்கப்படுத்துவீர்?”

“ஒண்டும் சொல்லமாட்டன், அண்ணை. பெட்டிக்குப் பக்கத்திலை இருந்து வாயைத் திறப்பன்.”