மெயின் கார்டுக்காரர்

சர்க்கரை போடாத டீதான் எனக்குப் பிடிக்கும், சார். பரவாயில்லை, கொண்டுவந்ததைக் குடித்துக்கொண்டே சொல்கிறேன். எழுதுகிறவர் நிதானமாக எழுதட்டும். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் எழுதியவன் நான். விரல் வலி எனக்குத் தெரியும்.

கிரெடிட் கார்டு என் மகனுடையது. அதோடு சேர்ந்த கூடுதல் கார்டு ஒன்றை என் பெயரில் வாங்கி, என் சட்டைப் பையில் அவனே செருகினான். "ஆஸ்பத்திரி, மருந்துன்னா யோசிக்காம தேய்ங்கப்பா" என்றான். அவன் கிரேன் ஓட்டுகிறவன். மேலே ஏறிவிட்டால் போனைத் தொடக் கூடாது. அதனால் பேங்கில் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தான். மாதாமாதம் பில் கட்டுவதும் என் வேலை.

எனக்கு நோயே வரவில்லை. என்ன செய்ய, இரும்பு உடம்பு. ஆனால் பூங்காவில் என்னோடு நடக்கும் ஓய்வுபெற்ற கிழங்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். வாய் சும்மா இராமல், மலையடிவாரத்தில் எனக்கு நாற்பது ஏக்கர் உண்டு என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அது நானூறு ஆகிவிட்டது. நிலம் அப்படித்தான், சொல்லச் சொல்ல வளரும். "ஜமீன் வர்றாரு, எந்திரிங்கய்யா" என்று கலாய்ப்பார்கள். ஜமீனாகிவிட்ட பிறகு இன்னொருவன் பில் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஹோட்டல் சாப்பாடு, படகுச் சவாரி, ஒன்பது பேருக்கும் ஒரே மாதிரி நடைக் காலணி. ஒரு வருஷத்தில் மகனின் எட்டு மாதச் சம்பளம் கடனாக நின்றது.

பிறகு வசூல் பிரிவிலிருந்து போன் வர ஆரம்பித்தது. பயம் என்றால் என்னவென்று எழுபத்தோரு வயதில் கற்றுக்கொண்டேன். போனை வாஷிங் மெஷினுக்குள் துணிகளுக்கு நடுவே புதைத்து வைப்பேன். அங்கேயும் அது அதிரும். மகன் படியேறும் சத்தம் கேட்டால் மெஷின்மேல் சாய்ந்து நின்றுகொள்வேன்.

ஒருநாள் துணிந்து எடுத்தேன். ஒரு சின்னப் பெண்.

"திங்கக்கிழமை வீட்டுக்கே ஆள் வருவாங்க சார்."

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேம்மா. கூடுதல் கார்டுல வேற யாராவது செலவு பண்ணியிருந்தா?"

"யார் தேய்ச்சாலும் மெயின் கார்டுக்காரர்தான் சார் பொறுப்பு."

"அவரே இல்லைன்னா?"

"ஐயோ. எப்போ தாத்தா?"

அவன் இறந்துவிட்டான் என்று நான் சொல்லவில்லை, சார். அவளாக எடுத்துக்கொண்டாள். நான் அழுதேன், அவ்வளவுதான். அழ ஆரம்பித்தபின் வெறுமனே அழ முடியுமா? தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏணியில் ஏறினான், விழுந்தான், கிரேன்களெல்லாம் ஒருநாள் நின்றன என்று வந்துகொண்டே இருந்தது. அவளும் அழுதாள். "சர்ட்டிபிகேட் மட்டும் அனுப்புங்க தாத்தா. கணக்க மூடிடறோம்."

படிவமும் பழைய முத்திரையும் என் அலமாரியில் இருந்தன. தேதி இல்லாமல் படிவம் செல்லாது. அன்றைய தேதியைப் போட்டு, காரணம் ஏணியிலிருந்து விழுந்தது என்று என் கையாலேயே எழுதி அனுப்பினேன்.

பத்தாம் நாள் மகன் சிரித்துக்கொண்டே வந்தான். அவன் சம்பளக் கணக்கும் அதே பேங்க், அதையும் முடக்கிவிட்டார்கள். "அப்பா, நான் செத்துட்டேனாம். நாளைக்கு நேர்ல போயி மூஞ்சியக் காட்டிட்டு, எவன் குடுத்த சர்ட்டிபிகேட்டுன்னு பாத்துட்டு வர்றேன்" என்றான். அவனுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவன் நான். என் எழுத்து அவனுக்குத் தெரியாமல் போகுமா?

காலையில் அவன் கிளம்புமுன், தொட்டித் தண்ணீர் நாறுகிறது என்றேன். வேறு வழி எதுவும் யோசிக்கவில்லை. காரணம்தான் ஏற்கெனவே எழுதியாகிவிட்டதே. நான்கு மாடிக் கட்டடம். ஏணியை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டித்தான் சாய்க்க முடியும்.

"நல்லாப் புடிச்சுக்குங்கப்பா."

"புடிச்சிருக்கேன்டா, ஏறு."

உயரம் அவனுக்குப் பழக்கம், கீழே பார்க்கவே மாட்டான். ஏணி ஆடியதும் பார்த்தான். என் முகத்தை இல்லை, கையைத்தான் பார்த்தான். என் கை பயத்தில் நடுங்கியது, அதனால்தான் ஆடியது என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். நம்ப வேண்டாம். தள்ளினேன்.

சர்ட்டிபிகேட்டில் இருக்கும் தேதிக்கும் அவன் விழுந்ததற்கும் பதினொரு நாள் இடைவெளி என்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன், பிழைதான். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்: அவன் கார்டில் இன்று ஒரு பைசா பாக்கி இல்லை. பிள்ளையைக் கடன்காரனாக நிற்கவைத்துவிட்டுப் போகிற அப்பன்கள் எத்தனையோ பேர், சார். நான் அப்படி விடவில்லை.